குடிக்காத ராத்திரி

இன்றைக்குக் குடி இல்லை. இந்தப் பட்டாயாவில், இந்தத் தெரு முழுக்க, எந்த பாரிலும் ஒரு சொட்டு கிடையாது. ஆடிப் பௌர்ணமி இவர்களுக்குப் புத்தர் விசேஷமாம், நாளைக்கும் விற்கக் கூடாதாம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டூர் கூட்டிவந்த பெயிண்ட் கம்பெனி மேனேஜர் இதைச் சொன்னதும் டீலர்கள் அத்தனை பேரும் எழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள், எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஆடியில் ஊரில் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், வீடு பால் காய்ச்ச மாட்டார்கள், பெயிண்ட் வியாபாரம் படுத்துக் கிடக்கும், கடையைப் பூட்டிவிட்டு வர டீலர்களுக்குத் தோதாக இருக்கும் என்று யோசித்து யோசித்து ஆடியில் டூர் போட்ட மகராசனுக்கு, ஆடியிலும் ஒரு பௌர்ணமி வரும் என்பது தெரியாமல் போய்விட்டது. பெட்டிக்கடை மாதிரி இருக்கிற கடைகளில்கூட பாட்டில் அலமாரியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் வாங்கி வந்ததெல்லாம் முதல் இரண்டு ராத்திரியிலேயே காலி. என் வீட்டுக்காரர் சென்னியப்பன், தாராபுரத்தில் ஊருக்கே சாயம் பூசுகிறவர், எனக்கு எதிரே ஒரு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. காது சிவக்கவில்லை. குடிக்காத, மாலையும் போடாத சென்னியப்பனைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறேன். இந்த ராத்திரி என் மேல் கை விழாமல் விடிந்துவிட்டால், என் எதிரி அந்தப் பாட்டில்தான், இத்தனை வருசம் நான் பொறுத்ததிலும் ஒரு அர்த்தம் இருக்கிறது, பாட்டிலை ஒழிக்க வழி தேடிக்கொள்ளலாம். விழுந்துவிட்டால், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது, பார்க்கிறபோது நினைப்பு வராது. பக்கத்தில் சுலோச்சனாக்கா, உடுமலைப்பேட்டை டீலர் குமாரசாமியண்ணன் சம்சாரம், இளநீரைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டே, "கலா, இந்த ஊரு அம்மணிக எப்படித் தெம்பாக் கடை நடத்துறாளுக பாரு, நம்மூர்ல ஒருத்தி இப்படி நின்னா விட்டுருவாங்களா" என்கிறாள். கடைக்காரி பெயர் பிம். என் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை போட்டு, காலையில் கோயிலுக்குப் போய்வந்த முகத்தோடு, வாடிக்கைக்காரர்கள் இல்லாத முக்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு இல்லை, கலர் விளக்கு பாதி எரியவில்லை, வந்திருக்கிற வெள்ளைக்காரர்கள் திருவிழா முடிந்த மறுநாள் வந்துவிட்டவர்கள் மாதிரி முழிக்கிறார்கள். ஒரு கிழவர் செல்போனில் பேரப்பிள்ளையோ யாரோ, பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். மூன்று பெண்கள் காரமான பப்பாளிக்காய் சாலட்டை ஒரே தட்டில் அள்ளித் தின்கிறார்கள். தூணோரம் ஒரு வெள்ளைக்காரன், மொட்டைத்தலை, அவனோடு ஒரு தாய்லாந்துக்காரப் பெண். அவன் தலையைச் சொறியக் கையைத் தூக்கினான், அவள் கண் சிமிட்டியது. எல்லோரும் சிமிட்டுகிற சிமிட்டல் அது இல்லை. எனக்குத் தெரியும். அடி வாங்குகிறவளை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில், துணிக்கடையில். சுவரோரம் உட்கார மாட்டாள், எழுந்து ஓட வழி இருக்கிற பக்கமாகத்தான் உட்காருவாள். புருசன் பேசும்போது அவன் வாயைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். அவன் ஜோக்குக்கு எல்லோரையும்விடக் கொஞ்சம் முன்னதாகச் சிரித்துவிடுவாள். இதையெல்லாம் எழுதி வைத்தால் நானும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கலாம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளும் கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். வழி இருக்கிற பக்கம்.

தொம். தொம். பார்களுக்கு நடுவே ஒரு குத்துச்சண்டை மேடை, இன்றைக்குப் பந்தயம் இல்லை, ஆனாலும் இரண்டு பேர் பழகிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் தோல் மெத்தையைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறான், மற்றவன் முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பால் அதை உதைக்கிறான். தொம் என்று விழும்போதெல்லாம் என் இடது விலாவில் ஒரு இடம் இழுக்கிறது, அந்த இடத்துக்குக் காது இருக்கிறது. மெத்தை பிடிக்கிறவன் ஒவ்வொரு உதைக்கும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அடி வாங்கிச் சிரிக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன், அவனுக்கு மெத்தை இருக்கிறது. எனக்குச் சமையல்கட்டுச் சுவர் இருந்தது, பாத்ரூம் கதவு இருந்தது. கதவு இடுக்கில் என் சுண்டுவிரலை வைத்து அவர் சாத்தினபோது கதவு சாத்தின சத்தம்தான் முதலில் கேட்டது, வலி அப்புறம் சாவகாசமாக வந்தது. நான் வழுக்கி விழுந்துவிட்டதாக டாக்டரிடம் அவரே சொன்னார், மறுநாள் காலையில், குளித்து விபூதி பூசி, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணியோடு. அந்தத் தண்ணி பொய் இல்லை. அதுதான் என் தொல்லையே. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான், "மாப்ள குடிச்சாத்தான் கண்ணு அப்படி, குடிக்காட்டிப் பசும்பொன்னு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். மாமியார் இன்னும் ஒருபடி மேலே, "என்ற பையன் கையி அடிக்கல, அந்தச் சனியன் அடிக்குது" என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது. வருசாவருசம் அவர் சபரிமலைக்கு மாலை போடுவார், கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு வேறொரு ஆள் குடி வருவார். பச்சைத்தண்ணியில் குளிப்பார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், என்னைக்கூட சாமி என்று கூப்பிடுவார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்கே பாட்டில் திறந்துவிடும், மூன்றாம் நாள் என் தலைமயிர் அவர் கையில் இருக்கும். பார்த்தாயா, குடி இல்லை, அடி இல்லை, குடி வந்தது, அடி வந்தது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று நானே எனக்கு வக்கீல் வேலை பார்த்தேன். கோயில் கோயிலாகக் குடி நிற்கக் கயிறு வாங்கிக் கட்டினேன். பஸ் பின்னாடி விளம்பரம் போட்டிருந்த பொடியை வாங்கிக் காபியில் கலந்து கொடுத்தேன், குடியும் நிற்கவில்லை, காபி கசக்கிறது என்று டம்ளர் என் நெற்றிக்கு வந்தது. குடி, குடி, குடி. அதன்மேல்தான் அத்தனை வஞ்சத்தையும் இறக்கி வைத்தேன், மனுசன்மேல் வைத்தால் அவரோடு சோறு தின்ன முடியாதே. ஆனாலும் நேற்று கடலில், அந்தப் பாராசூட்டில் அவரைக் கட்டிப் படகு இழுத்துக்கொண்டு போனபோது, மேலே அவர் கைகால் ஆட்டிக்கொண்டு பொம்மை மாதிரித் தொங்கினபோது, கயிறு அறுந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, போகவில்லை. நினைப்பிலேயே அறுந்தது. விழுந்தார். தண்ணியில் இல்லை, படகின் இரும்பு விளிம்பில் விழுந்தார், அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் சுலோச்சனாக்கா பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிவந்து, "எப்படி இருந்துச்சு பாத்தியா" என்று குழந்தை மாதிரிக் கேட்டபோது முருகா முருகா என்று உள்ளுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெயிண்ட் கரைக்கிற தின்னருக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே தூங்குகிறவரைப் பற்றி நான் இப்படி நினைக்கலாமா. கடைக்கு மேல்தான் வீடு. எத்தனை ராத்திரி அந்தத் தின்னர் வாடை மாடிப்படி ஏறிவந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறது. நினைத்தது நான்தான், எந்தக் குடியும் குடிக்காமல் நான்தான் நினைத்தேன்.

வேண்டாம், இன்றைக்கு நல்ல ராத்திரி. அவர் குமாரசாமியண்ணனோடு கதை பேசிச் சிரிக்கிறார், டிஸ்டெம்பர் பெயிண்ட் வாங்கிப்போய்த் தண்ணி அதிகம் ஊற்றிவிட்டு வந்து சண்டை போட்ட மேஸ்திரி கதை, நன்றாகத்தான் சொல்வார், மேஸ்திரி குரலிலேயே பேசிக்காட்டுவார். என் தட்டில் ஒரு வறுத்த மீனை எடுத்து வைத்தார். "சாப்பிடு, முள்ளு இருக்குது பாத்து" என்றார். பாத்து என்றார். அம்மா சொன்னது சரிதான், பசும்பொன்தான், மேலே படிந்த அழுக்கைத்தான் நான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். இப்படியே ஒரு நாடு முழுக்கக் குடியை நிறுத்தி வைத்தால் எத்தனை பெண்கள் பல்லோடு இருப்பார்கள். சந்தோசமாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோசமாக இருந்தது. கை கழுவ எழுந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, அதில் சின்ன புத்தர், ஊதுபத்தி புகைகிறது, புதுப் பூமாலை, சிவப்பு சோடா பாட்டிலில் குழாய் போட்டுப் படைத்திருக்கிறார்கள், சாமி குடிக்குமாம், அதற்குக் கீழேயே ஒரு பித்தளை மணி, கயிறோடு. பௌர்ணமி, ஊதுபத்தி, மணி. எந்தச் சாமியானால் என்ன, இன்றைக்கு என் குடும்பத்தைக் காத்தது இந்தச் சாமிதானே. செருப்பை விட்டேன், கும்பிட்டேன், கயிற்றைப் பிடித்து நன்றாக இரண்டு இழுப்பு இழுத்தேன்.

பார் முழுக்க ஊ என்று கத்தியது. தூங்கிக்கொண்டிருந்த முகமெல்லாம் எழுந்து டம்ளரைத் தூக்கிக் காட்டியது, கிழவர்கூடச் செல்போனை வைத்துவிட்டுக் கை தட்டினார், நான் செருப்பில்லாமல் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன். பிம் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "நோ பே மேடம், நோ பே, புத்தா டே" என்றாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குமாரசாமியண்ணன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, அது சாமி மணி இல்ல. அத அடிச்சா இங்க இருக்கறவங்க எல்லாத்துக்கும் நீங்க வாங்கித் தர்றீங்கன்னு அர்த்தம். மாப்ள, உங்கூட்டுக்காரங்க கோயலாக்கும்னு நெனச்சுட்டாங்க" என்றார். டீலர்கள் மேசைக்கு மேசை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "சென்னி, சேல்ஸ் டார்கெட்ட விட இது பெருசாட்ட இருக்குதே" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன், இது சிரிக்க வேண்டிய விசயம்தான், ஊருக்குப் போய் சிரித்துச் சிரித்துச் சொல்ல வேண்டிய விசயம். அப்புறம் அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்தார். எழுந்து நின்று, "குடுங்க, எல்லாத்துக்கும் சோடா குடுங்க, எம்பட கணக்கு" என்று கையை விரித்தார். பிம் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள், அவர் விடவில்லை. மொட்டைத்தலை வெள்ளைக்காரன் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எங்கூட்டுல பூசாரி நானில்லீங், அவதான்" என்றார், அதற்கும் சிரித்தார்கள். நான் வந்து உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், புருசன் பொண்டாட்டி ஒட்டி உட்காருவதைப் பார்த்து சுலோச்சனாக்கா கண்ணடித்தாள். மேசைக்குக் கீழே அவர் கை வந்து என் சுடிதார்க் கைக்குள் நுழைந்து முன்னங்கையைப் பிடித்தது.

பிடித்தது என்றால், முதலில் தடவுகிறார் என்றே நினைத்தேன். அப்புறம் நகம் இறங்கியது. சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற நான்கு விரலுக்கும் நடுவே எடுத்து, அவசரப்படாமல், கடையில் டப்பா மூடியைத் திறப்பதுபோல் திருகினார். மேலே அவர் வாய் மேஸ்திரி கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை தவறவில்லை, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் முன்னதாக நான் சிரித்தேன். இது அடி இல்லை, கோபம், யாருக்குத்தான் கோபம் வராது, நானும் மானத்தை வாங்கிவிட்டேனே, திருகல் அடியில் சேராது. விரலுக்குக் கீழே ஈரமாகியது. சேராது, சேராது. தொம் என்றது மேடையில். அவர் என் காதுக்குக் குனிந்தார், எலுமிச்சை வாசம், சுத்தமான எலுமிச்சை வாசம், அதற்குள் வேறு வாசம் இருக்கிறதா என்று நாய் மாதிரி மோந்து பார்த்தேன், இல்லை. "எந்திரி, ரூமுக்குப் போலாம்" என்றார். குரல் குழறவில்லை. பிறகு எழுந்து நின்று, குமாரசாமியண்ணனிடம், "தல வலிக்குதாமா அவளுக்கு, நாங்க கெளம்பறோமுங்க" என்று சொல்லிக்கொண்டே இடது கை வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

வாட்ச். எதற்கு வாட்ச். ரூமுக்கு நடக்கிறவன் வாட்சை எதற்குக் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அடி விழுந்த ராத்திரி விடிந்து பார்த்தால் அது ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஃப்ரிட்ஜ் மேலே, படுக்கையோரம் இல்லை, மேசைமேல் இல்லை, சமையல்கட்டில், நான் துடைத்து எடுத்துப்போய்க் கையில் கொடுப்பேன், கண்ணாடியில் ஒரு கீறல் இருக்காது. தூங்கப் போகும்போது கழற்றுகிறார் என்றல்லவா இருந்தேன். தூங்குகிறவன் சமையல்கட்டிலா தூங்குகிறான். தன்னை மறந்து, பெண்டாட்டி யார் பிள்ளை யார் என்று மறந்து, கதவா விரலா என்று தெரியாமல் சாத்தினவனுக்கு வாட்ச் ஞாபகம் இருந்திருக்கிறது. கழற்றி, கண்ணாடி உடையாமல் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்திருக்கிறார் என்னிடம். ஒவ்வொரு தடவையும். சனியன் அடிக்கவில்லை அத்தை, சனியனுக்கு எதற்கு வாட்ச். மாலை போட்ட நாளில் அவர் அடிக்காமல் இருந்தது குடிக்காததால் இல்லை, மாலை போட்டவன் பெண்டாட்டியை அடித்தான் என்று தெரு சொல்லும், அதனால். அடிக்காமல் இருக்க அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, இதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை, அது தண்ணி அடித்த ஆளைப் பார்த்துப் பயந்தது, அவர் தூங்கினால் தானும் தூங்கிவிடும். இந்தத் தெளிந்த கண் தூங்காது. ரூம் ஆறாவது மாடியில். கதவு சாத்தினால் சத்தம் வெளியே வராத கதவு, முதல் நாளே பார்த்தேன், பார்க்கிற பழக்கம். பொறுத்துக்கொள் என்றார்களே, எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லையே. சுலோச்சனாக்கா என் முதுகைத் தள்ளினாள். "போ கண்ணு, ஒரு நாளாச்சும் குடிக்காம இருக்காரு, சந்தோசமாப் போயி இரு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அந்தப் பாட்டிலுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தார்கள், என்னோடு சேர்ந்து. உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. முழங்கால் பாதி எழுந்தும் விட்டது. அதை உட்கார வைத்தேன்.

"குமாரசாமியண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது, பக்கத்து மேசைகள் திரும்பின. "இவரு இன்னிக்குக் குடிச்சிருக்காருங்களா?" அண்ணன் சிரித்தார். "எங்கீங்கம்மா கெடச்சுது? காலைல இருந்து எங்ககூடத்தான இருக்காரு. ஒரு சொட்டு இல்லீங்க." இவர் என்னை முறைத்தார். "என்ன கேள்வி இது, எந்திரி" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றேன். "இதென்ன கலா, தெளிவாத்தான இருக்காரு, மீனெல்லாம் எடுத்து வெச்சாரே உனக்கு" என்றாள். பின்னாடி மேசையில் இருந்தவர்களும் இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். "எல்லாரும் பாத்தீங்கல்ல" என்று கேட்டுவிட்டு, சுடிதார்க் கையைச் சுருட்டி மேலே ஏற்றி, முன்னங்கையை எடுத்து மேசைமேல், மீன் தட்டுக்குப் பக்கத்தில், விளக்கு விழுகிற இடத்தில் வைத்தேன். நான்கு நகமும் தனித்தனியாகத் தெரிந்தது. கட்டைவிரல் பதிந்த இடத்தில் தோல் உரிந்து ரத்தம் முழங்கைவரை ஓடியிருந்தது. தூணோரம் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அவர் என் கையைப் பார்த்தார், சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, நிதானமாக, பிறகு ஓங்கி அறைந்தார். எல்லோரும் பார்க்க, வெளிச்சத்தில். ஒரு பக்கக் காது அடைத்துக்கொண்டது, வாயில் உப்புக் கரித்தது. இன்னொரு காதில் சுலோச்சனாக்கா குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, "குடிக்கவே இல்லியே, ஐயோ, இவரு குடிக்கவே இல்லியே" என்று. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.